மாடிச் சுவரில் மாட்டிய சூனியம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அறை தந்து, ஞாயிறு தோறும் கேக் தந்து, தடிமன் பிடித்தால் சூப்பும் காய்ச்சித் தந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எனக்குச் சூனியம் வைத்துவிட்டார் என்று நான் நம்பினேன். அரைகுறை நம்பிக்கையல்ல. தேசிக்காய் (இந்தியத் தமிழில் எலுமிச்சை) வெட்டிக் கழிக்கும் அளவுக்கு முழு நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்தவன், இரசாயனத்தில் நல்ல புள்ளி எடுத்தவன் என்ற விபரங்களை இந்த இடத்தில் நான் மறைத்திருக்கலாம். ஆனால் என் மனைவி இதைப் படிப்பாள். படித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டாள்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. லண்டனுக்கு வந்த புதிதில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டில் பெடியள் கூட்டமாக இருந்தோம். பகல் ஷிப்ட்காரன் எழும்ப, இரவு ஷிப்ட்காரன் வந்து அதே கட்டிலில் விழுவான். கட்டில் சூடு ஆறியதே கிடையாது. (குளிர்காலத்தில் அது ஒரு வசதி என்பதையும் சொல்லவேண்டும்.) அங்கேயிருந்து என்னை மீட்டவர்தான் மிசிஸ் கார்ட்டர். நான் வேலை செய்த பெயின்ட் கடை ஆர்ச்வேயில் இருந்தது. அவர் வாங்கிய பெயின்ட் வாளியை ஒரு நாள் வீடுவரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். வாளியைக் கீழே வைக்குமுன்பே 'யெஸ்' சொல்லிவிட்டேன்.

கணவர் இறந்தபின் தனியாக வாழ்ந்த மனிதர். எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஏணியில் ஏறித் தானே சுவருக்குப் பெயின்ட் அடிப்பார். நான் சமைக்கும் மீன்குழம்பின் வாசம் மாடிப்படியில் இறங்கிப் போய் அவருடைய திரைச்சீலைகளில் குடியேறிய பிறகும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னலை மட்டும் மெதுவாகத் திறந்துவைப்பார்.

இப்படி ஒரு வருடம் போனது. பிறகு எனக்குக் கல்யாணம் சரிவந்தது. பெண் பெயர் வதனி. கொழும்பில் ஒரு உறவுக்காரர் வீட்டில் பிரயாணத்துக்காகக் காத்திருந்தாள். ஹைகேட் மலை முருகன் கோயிலில் தாலி கட்டுவதாகப் பேச்சு. நான் அவளை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். அவளும் என்னைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். (தலைமுடி இருந்த காலத்துப் படம்.) கல்யாணம் முடித்து அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஃபாரஸ்ட் கேட் கட்டிலில் ஷிப்ட் முறையில் தூங்கச் சொல்ல முடியுமா?

தயங்கித் தயங்கி மிசிஸ் கார்ட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "மேலே இருக்கிற இரண்டு அறைகளையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் என் கணவருடைய சாமான்கள்தான் இருக்கின்றன. இவ்வளவு நாளும் அதைத் துப்புரவாக்க ஒரு சாட்டு இல்லாமல் இருந்தேன்" என்றார். அன்று இரவு நான் தூங்கியது மேகத்தின்மேல்.

அந்த வாரம்தான் அது சுவரில் ஏறியது.

வேலை முடிந்து வந்து மாடிப்படி ஏறுகிறேன், என் அறைக் கதவுக்கு நேர் எதிரே, அதுவரை வெறுமையாக இருந்த சுவரில், ஒரு கம்பளி. ஆள் உயரம் இருக்கும். சிவப்பு நிலம். நடுவில் படிப்படியாகப் பெருத்துச் சிறுத்த சாய்சதுரங்கள். கறுப்புக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் சாம்பல், சாம்பலுக்குள் மறுபடி கறுப்பு. சுற்றிவர அகலமான கறுப்புக் கரை. பார்த்தால் அதுவும் நம்மைப் பார்ப்பது போலிருக்கும். நிலத்தில் விரிக்க வேண்டியதைச் சுவரில் மாட்டியிருக்கிறாரே, ஈரச்சுவரை மறைக்கவாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கீழேயிருந்து மிசிஸ் கார்ட்டர் கேட்டார்: "எப்படி இருக்கிறது?"

"வெரி நைஸ்" என்றேன். எனக்கு அப்போது அந்த நாட்டில் எதைப் பற்றியும் இருந்த கருத்து அது ஒன்றுதான்.

"அது என்ன என்பதை உன் பெண் வந்ததும் அவளிடமே சொல்கிறேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். வதனியின் டிக்கெட்டை ஏஜென்சிக்காரன் பிழையாகப் போட்டு, பயணம் பிந்திப்போனது. எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. டிரைவிங் டெஸ்டில் தோற்றேன். (அதற்கு முந்திய டெஸ்டுகளில் கம்பளியின் உதவி இல்லாமலே தோற்றிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.)

இந்த நிலையில்தான் குகன் அண்ணை என்னைப் பார்க்க வந்தார். ஃபாரஸ்ட் கேட் வீட்டில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. விசா, வயிற்றுவலி, வாஷிங் மெஷின், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் இன்றுவரை கேட்டதில்லை. மாடிப்படியின் கடைசிப் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"டேய் நேசன். உது என்ன?"

"கம்பளி அண்ணை. மனுசி மாட்டினது."

"எப்ப மாட்டினவ?"

"வதனி வாறதைப் பற்றிச் சொன்ன கிழமை."

"உனக்குப் பல்லு எப்ப வீங்கினது?"

பதில் சொல்லத் தேவையில்லாமல் என் முகம் வீங்கியிருந்தது.

குகன் அண்ணை கிட்டப் போகாமல், எட்டி நின்று, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். "டேய் பேயா, உது கம்பளி இல்லை. உது சக்கரம். எங்கடை ஊரிலை செப்புத் தகட்டிலை கீறி வாசலிலை புதைக்கிறவங்கள். இவையள் துணியிலை செய்யினம். குளிர் நாடெல்லே."

"அண்ணை, அவ நல்ல மனுசி. கேக் எல்லாம் தாறவ."

"நல்ல மனுசிதான். வாயாலை ரெண்டு அறை தாறன் எண்டு சொல்லிட்டா. இப்ப மனசில்லை. எப்பிடி நேர சொல்லுறது? அதுதான் பொம்பிளை வந்து சேராமல் வேலை பாக்கிறா. இஞ்சை பார், கதவுக்கு நேர. ஆற்றை கதவு? உன்ரை கதவு." பிறகு ஒரு மூலையைச் சுட்டினார். கறுப்புக் கரையை ஊடறுத்து, உள்ளேயிருந்து விளிம்புவரை, நூல் போன்ற ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. வேறெந்த மூலையிலும் அப்படி இல்லை. "பாத்தியே? அடைச்சு வைச்சது வெளியிலை வந்து போறதுக்கு வழி."

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

"வதனி வந்த பிறகு அது என்னெண்டு அவளிட்டைச் சொல்லுறன் எண்டவ அண்ணை."

குகன் அண்ணை என் தோளில் கை வைத்தார். செத்த வீட்டில் வைப்பது போல. "பொம்பிளைப் பிள்ளையிட்டையே? உன்னட்டைச் சொல்லேல்லையே? பிறகென்னடா விசரா உனக்குச் சந்தேகம்?"

பரிகாரமும் அவரே சொன்னார். வீட்டுக்காரி இல்லாத நேரம் பார்த்து, கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்து, தேசிக்காய் வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். தீட்டுத் துடக்கு வீட்டுக்குத் தெளிக்கிற மாதிரித்தான். மாவிலைக்கு எங்கே போவது என்று கேட்டேன். "வேலியிலை நிக்கிறதிலை ஒரு கொப்பை முறி. இலை இலைதானே" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மிசிஸ் கார்ட்டர் பிரைட்டனில் இருக்கும் தங்கையிடம் போனார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நான் குளித்து, மலையேறி, முருகனைக் கும்பிட்டு, "கிழவிக்கு ஒன்றும் ஆகக்கூடாது, எனக்கும் ஒன்றும் ஆகக்கூடாது, அறை மட்டும் வேண்டும்" என்று ஒரு சமாதான ஒப்பந்தத்தை முன்வைத்துவிட்டு இறங்கினேன்.

செம்பு இல்லாதபடியால் பியர் கிளாஸில் மஞ்சள் கரைத்தேன். எவ்வளவு மஞ்சள் என்று குகன் அண்ணை சொல்லவில்லை. பயத்துக்கு ஏற்ற அளவு போட்டேன். வேலிக் கொப்பைத் தோய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூலையில் மெல்லத் தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். அந்த நேரம் பார்த்துக் கீழே தபால்காரர் கதவுத் துவாரத்துக்குள்ளால் எதையோ 'டப்'பென்று போட்டார். நான் துள்ளிய துள்ளலில் கிளாஸில் இருந்தது முழுவதும் கம்பளியில்.

கண்ணைத் திறந்தேன். வெள்ளைச் சாய்சதுரங்கள் எல்லாம் சாம்பார் நிறம்.

சூனியப் பயம் அந்த நிமிடம் ஓடிப்போய், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரியின் சாமானைப் பழுதாக்கிவிட்டேன். அறை போகும். வதனி ஹீத்ரோவில் பெட்டியோடு வந்து இறங்குவாள், நான் அவளைக் கூட்டிக்கொண்டு எந்தக் கட்டிலுக்குப் போவேன்?

கம்பளியைக் கழற்றிக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். துணி தோய்க்கிற சவர்க்காரக் கட்டியை எடுத்துப் போட்டு உரஞ்சினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மஞ்சள், சிவப்பாகியது. கம்பளி இரத்தம் கக்கியது. என் விரல்களுக்கிடையில் சிவப்பு வழிந்தது.

(மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்து பார்த்த வாசகர்கள் இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மஞ்சள் தாளைச் சவர்க்காரம் போன்ற காரத்தில் தோய்த்து, நிறம் மாறுவதைப் படம் கீறி, ஆசிரியரிடம் 'நன்று' வாங்கியவன். அன்று அந்த அறிவு எந்த ஊருக்குப் போயிருந்ததோ தெரியாது.)

படியில் உருளாத குறையாக இறங்கி, பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, ரத்தம்!"

"ஆருக்கு?"

"கம்பளிக்கு!"

"பொறு. நாலாம் பம்ப்காரன் காசு தாறான்..." சில்லறை கொட்டும் சத்தம். "ம், சொல்லு. மஞ்சள் தெளிக்க ரத்தம் வந்ததோ?"

"சவர்க்காரம் போட வந்தது அண்ணை."

"ஆர் உன்னைச் சவர்க்காரம் போடச் சொன்னது? நான் சொன்னனானே? சரி, பயப்பிடாதை. கக்குது எண்டால் வேலை செய்யுது எண்டு அர்த்தம். தேசிக்காயைப் பிழிஞ்சுவிடு. போனை வையாதை."

வெட்டி வைத்த தேசிக்காயைக் கொண்டு மேலே ஓடிப் பிழிந்தேன். என்ன சொல்ல! சிவப்பு அப்படியே அடங்கி, மறுபடி மஞ்சளானது. கீழே ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னேன். போனுக்குள் குகன் அண்ணை வாங்கிய பெருமூச்சில் எனக்குக் காது கூசியது.

"பாத்தியே! தேசிக்காய்க்கு அடங்கிட்டுது! ஆரும் இனி என்னை ஏமாத்த ஏலாது. இப்ப வடிவாக் கழுவிவிடு."

கழுவினேன். எதனால்? அதே சவர்க்காரத்தால். மறுபடி சிவந்தது. மறுபடி தேசிக்காய். மறுபடி மஞ்சள். எங்கள் வீட்டில் இருந்த தேசிக்காய் முடியும்வரை அந்தத் துணிக்கும் எனக்கும் இடையே இந்த யுத்தம் நடந்தது. கடைசியில் மஞ்சளில் நிறுத்திக்கொண்டேன். தேசிக்காயின் பக்கம் வெற்றி என்று வைத்துக்கொண்டேன்.

பிழிந்து, துவாயால் ஒற்றி, கறை தெரியாமல் இருக்க மறுபக்கத்தைத் திருப்பி மாட்டலாம் என்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கம்பளிக்கு மறுபக்கமே இல்லை. இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி. கறை உட்பட. தலைகீழாக மாட்டிப் பார்த்தேன். கறை கீழே வந்தது, அவ்வளவுதான். சொட்டுச் சொட்டாக மஞ்சள் தண்ணீரும் வந்தது.

அந்த நேரத்தில் முன்கதவுப் பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது.

தங்கைக்குக் காய்ச்சலாம். மிசிஸ் கார்ட்டர் பையோடு மாடிப்படி பாதிவரை ஏறி வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் வேலிக் கொப்பு. நெற்றியில் நல்ல பட்டையாக விபூதி.

"நேசன், என்ன நடந்தது?"

என் மூளையில் அப்போது இருந்த ஆங்கிலம் எல்லாம் ஓடி ஒளித்தபின் மிஞ்சியதைச் சொன்னேன். "ரூஃப் லீக்கிங்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பளீரென்ற வெயில். பிடிபட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த நல்ல மனிதர் என்னை நம்பினார்! "அப்படியானால் மேலே தண்ணீர்த் தொட்டிதான் உடைந்திருக்கிறது" என்று பையை வைத்துவிட்டு, ஏணியை இழுத்து, எழுபது வயதில், வீட்டில் போடும் செருப்போடு, பரணுக்கு ஏறத் தொடங்கினார்.

"நோ, மிசிஸ் கார்ட்டர்! நான் ஏறுகிறேன்!"

"உனக்குத் தொட்டி எங்கே என்று தெரியாது. ஏணியைப் பிடி."

பிடித்தேன். அவருடைய தலையும் தோளும் பரணின் இருட்டுக்குள் போய்விட்டன. என் கண்ணுக்கு முன்னால் இருந்தவை இரண்டு நீலச் செருப்புகள் மட்டும். ஏணி ஆடியது. இல்லாத ஓட்டையைத் தேடிக் கிழவி ஓர் அடி அங்கால் வைத்தால், விழுந்தால், முறிந்தால்... இனி அறையாவது மண்ணாவது. நான் அந்தச் செருப்புகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பல் வீங்கியது, டெஸ்டில் தோற்றது, டிக்கெட் பிந்தியது, சக்கரம், தகடு, மஞ்சள், சவர்க்காரம், இரத்தம். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

செருப்புகள் அசையவில்லை. பரணுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "கொஞ்சம் பொறு. நான் சூனியக்காரி என்றா சொல்கிறாய்?"

"கொஞ்சம், மேடம்."

ஏணி குலுங்கியது. விழுகிறார் என்று நான் அலற, அவர் சிரிக்கிறார் என்று தெரிய சிறிது நேரம் எடுத்தது. இறங்கி வந்து ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு கறையைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இதை நெய்தது நவஹோ இனத்துப் பெண் ஒருத்தி" என்றார். "அமெரிக்காவின் பழங்குடி மக்கள். என் கணவர் அரிசோனாவில் ரோடு போடும் வேலையில் இருந்தபோது நாங்கள் புதிதாகக் கல்யாணம் முடித்திருந்தோம். அவளிடம் நேரே வாங்கினோம். அவள் பேரம் பேசிய பேச்சில் என் கணவர் வியர்த்துப்போனார். அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நல்ல ஆட்டுமயிர், நல்ல கை, அவ்வளவுதான்."

நான் மெல்ல அந்த மூலைக் கோட்டைக் காட்டினேன். அது பேய் வெளியே வரும் வழி என்று குகன் அண்ணை சொன்னதையும் சொன்னேன்.

"அது நெய்தவள் வெளியே வரும் வழி" என்றார். "கரை கட்டி முழுதாக மூடிவிட்டால் தன் மனசு இதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அடுத்ததை நெய்ய வராது என்று சொன்னாள். உன் நண்பர் பாதியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்."

நான் ஏணியைப் பிடித்தபடியே கேட்டேன். "அறையை நான் எப்போது விடவேண்டும், மிசிஸ் கார்ட்டர்?"

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "எந்த அறையை? அந்தப் பிள்ளை வந்து எங்கே இருப்பாள்? பேச்சை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து நுனியைப் பிடி. இதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவோம்."

பச்சைத் தண்ணீரில் அலசி, புல்லின்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் அதைப் பரப்பினோம். லண்டன் வெயில் அந்த வாரம் என்ன நினைத்ததோ, விடாமல் எறித்தது. மஞ்சளுக்கு வெயில் ஆகாது. இரண்டொரு நாளில் வெள்ளைகள் வெள்ளையாகத் திரும்பி வந்தன. நான் முருகன் என்றேன். குகன் அண்ணை தேசிக்காய் என்றார். மிசிஸ் கார்ட்டர் இரண்டு பேரையும் மறுக்கவில்லை. கம்பளி பழைய இடத்துக்கே ஏறியது. ஒரேயொரு மூலையில் மட்டும், தெரிந்து பார்த்தால் தெரியக்கூடிய மெல்லிய சாயல்.

டிக்கெட் சரிவந்து வதனி வந்து சேர்ந்தாள். கல்யாணம் முடித்து மிசிஸ் கார்ட்டர் வீட்டுப் படியேறினோம். மேல்படியில் நின்று சுவரைப் பார்த்தாள். குனிந்து மூலையைப் பார்த்தாள். புருஷனிடம் அவள் இங்கிலாந்து மண்ணில் கேட்ட முதலாவது நீளமான கேள்வி இதுதான்:

"இதிலை ஆரப்பா மஞ்சள் தண்ணி தெளிச்சது?"

மிசிஸ் கார்ட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கீழே நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

வருடங்கள் கழித்து நாங்கள் இல்ஃபோர்டில் வீடு வாங்கிப் போனபோது மிசிஸ் கார்ட்டர் அந்தக் கம்பளியைச் சுருட்டி வதனியின் கையில் கொடுத்தார். இப்போது அது எங்கள் முன்னறைச் சுவரில் இருக்கிறது. வீட்டில் பாயிலர் நின்றாலும், கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், என் மகள்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அப்பா, மஞ்சள் தண்ணி டைம்!" என்பார்கள். பேரப்பிள்ளை கண்ட வயதிலும் குகன் அண்ணை வந்தால் அதற்கு எதிரே உட்காரமாட்டார், பக்கவாட்டில்தான் உட்காருவார். வருகிறவர்கள் எல்லோருக்கும் வதனி கதையைச் சொல்லுவாள். ஒவ்வொரு முறையும் நான் தெளித்த தண்ணீரின் அளவு கூடும். சென்ற முறை அது ஒரு வாளிக்கு வந்துவிட்டது.

அது என்ன என்பதை அவளிடமே சொல்வதாக மிசிஸ் கார்ட்டர் சொல்லியிருந்தார் அல்லவா? வதனி அந்த வீட்டுக்கு வந்த அன்றே சொன்னார். நடந்தது இவ்வளவுதான்: தூர தேசத்திலிருந்து வருகிற பெண், கதவைத் திறந்ததும் வெறும் சுவரைப் பார்க்கக்கூடாது என்று, தன் படுக்கையறையில் இருந்ததைக் கழற்றி வந்து எங்கள் கதவுக்கு நேரே மாட்டியிருக்கிறார்.